கழுவிப் போட்ட பாட்டில்

தேநீருக்கு நன்றி, மேடம். கோப்பையை மட்டும் உங்கள் மேசைக்கடியில் இருக்கும் காகிதக் கூடையில் போட்டுவிடாதீர்கள். பார்வைக்குத்தான் அது காகிதம். ஊறிப் போகாமல் இருக்க உள்பக்கம் மெல்லியதாகப் பிளாஸ்டிக் பூசியிருப்பார்கள். படித்தவர்களிலேயே பத்துக்கு எட்டுப் பேருக்கு இது தெரியாது. நான் எழுதி முடிக்கும்வரை அது என் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றபோது நீங்கள் மறுக்காதது நல்லதாயிற்று. வாயால் சொன்னால் இடையில் கேள்வி வரும், கோர்வை போய்விடும். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் போதும் என்று உங்கள் எழுத்தர் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பக்கமும் எழுதுகிறேன்.

நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பராமரிப்புப் பொறுப்பாளர். நான்கு மாடி, இருநூற்றுப் பத்துப் பேர். விளக்கு எரியவில்லை, நாற்காலி ஆடுகிறது, லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்றால் என்னைத் தேடுவார்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் என்னை யாருக்கும் ஞாபகம் இருக்காது. பதினேழு வருடமாக அப்படித்தான். அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக நினைக்காதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் எங்கள் இயக்குநர், "இந்த மறுசுழற்சி விஷயத்தையும் நீங்களே கொஞ்சம் பாத்துக்கோங்களேன்" என்றார். அவர் போகிற போக்கில் சொன்னது. எனக்கு அப்படிக் கேட்டுக்கொள்ளத் தெரியாது. அடுத்த மாதமே ஒவ்வொரு மாடியிலும் மூன்று தொட்டிகள் வைத்தேன். நீலம் காகிதத்துக்கு. பச்சை பாட்டிலுக்கும் டப்பாவுக்கும். கழுவிவிட்டுப் போட வேண்டும். மிச்சமெல்லாம் கறுப்பில். ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியும்.

இருநூற்றுப் பத்துப் பேருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மாடிக்கு நூறு பொருள் என்று எடுத்து, எத்தனை தவறான தொட்டியில் கிடக்கிறது என்று எண்ணி ஒரு பதிவேட்டில் எழுதினேன். முதல் வாரம் நான்கு மாடிக்கும் சராசரி நூற்றுக்கு நாற்பத்தொன்று. நீலத் தொட்டியில் பாதி தின்ற ஆப்பிள். பச்சையில் பழைய செருப்பு ஒன்று, ஒற்றைச் செருப்பு. அதன் ஜோடி எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை.

தொட்டிகளில் சேர்வதெல்லாம் அடித்தளத்துக்கு வரும். அங்கே வண்டிகள் நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு நீள மேசை. அதில் கொட்டி, தவறாக வந்ததைப் பிரித்தெடுத்துச் சரியான பையில் போடுபவர் ஒரே ஒருவர். வெள்ளிக்கிழமைகளில் நான் எண்ணுவதும் அந்த மேசையில் தவறு என்று ஒதுக்கி வைத்ததைத்தான். எல்லோரும் அவரை அக்கா என்பார்கள். ஐம்பதை நெருங்கியவர், ஒல்லி, இடக்கைக்காரர். ஒன்பது வருடமாக அந்த மேசை அவருடையது. அந்தக் கட்டடத்திலேயே நான் மதித்த ஆள் அவர்தான். இதை உங்கள் கோப்புக்காக எழுதவில்லை, உண்மை அதுதான்.

அக்கா விரலால் பிரிப்பார். மேசையைப் பார்க்கவே மாட்டார், வாய் என்னோடு பேசிக்கொண்டிருக்கும், இடக்கை தன்பாட்டுக்குப் போய் வரும். பளபளப்பான காகிதமா, பிளாஸ்டிக் ஒட்டிய காகிதமா என்பதை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் சொல்வேன். அவர் தொட்டுச் சொல்வார். "கண்ணு சமயத்துல பொய் சொல்லும் சார். இது சொல்லாது" என்று சுட்டுவிரலை ஆட்டிக் காட்டுவார். துப்புரவுக்குக் கொடுத்த மெல்லிய கையுறையையும் மாட்ட மாட்டார். அது ஒரே நாளில் கிழிந்துவிடும், கிழிந்த இடத்தில் ஈரம் தங்கும் என்பார்.

யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். "மூணாவது மாடில ஒருத்தருக்கு வீட்டுல ஏதோ மனஸ்தாபம் சார். ஒரு வாரமா சாப்பாட்டு டப்பா வாசனையே இல்ல, ரொட்டி கவரா வருது." அவர் சொன்னது, நான் மனசுக்குள் ஜாம்காரர் என்று பெயர் வைத்திருந்தவரை. அதே மாடியில் விபத்து இழப்பீட்டு விண்ணப்பங்களைப் படிப்பவர். முப்பது வயதிருக்கும். அப்போதிலிருந்து மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு ஜாம் பாட்டில் வைத்திருப்பார், மதியத்துக்கு ரொட்டியும் அதுவும்தான். பாட்டில் காலியானதும் எந்தத் தொட்டி கைக்கெட்டுகிறதோ அதில் போடுவார். மூடி இல்லாமல், அடியில் ஒரு விரல் ஜாமோடு, சில சமயம் கரண்டியோடு. நீலத் தொட்டிதான் அவர் நாற்காலிக்குப் பக்கம். ஒரு பாட்டில் ஜாம் ஒரு பை காகிதத்தையும் பாழாக்கிவிடும், மேடம்.

நல்ல வழிகள் எல்லாவற்றையும் முதலில் முயன்றேன். இதை அவசியம் குறித்துக்கொள்ளுங்கள். போஸ்டர் ஒட்டினேன். மின்னஞ்சல் அனுப்பினேன். வினாடி வினா வைத்தேன், ஒன்பது பேர் வந்தார்கள், அதில் நான்கு பேர் பிஸ்கட்டுக்கு. தவறான தொட்டியில் கிடந்ததை எடுத்துப் போய் உரியவர் மேசையில் ஒரு சீட்டோடு திருப்பி வைத்தேன். அதற்குப் பிறகு எனக்குக் 'குப்பை சார்' என்று பெயர் வந்தது. ஒருநாள் காலை என் நாற்காலியில் வாழைப்பழத் தோல் ஒன்று, 'இது எந்தத் தொட்டி, குப்பை சார்?' என்று சீட்டோடு. நான் அதைக் கறுப்பில் போட்டேன். சீட்டை நீலத்தில் போட்டேன். எனக்கு அன்று அவமானமாக இருந்தது, மறைப்பானேன்.

அக்காவிடம் சொன்னபோது சிரித்தார். "இவங்களுக்கு எல்லாம் காயிதத்துலதான் சார் தெரியும். கண்ணு முன்னால ஒருத்தர் வலிக்குதுன்னு உக்காந்தாத்தான் மனசுல ஏறும்" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். யோசனை என்னுடையது மட்டும் இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அடுத்த மாதம் இரண்டாவது மாடியில் யாரோ உடைந்த பீங்கான் கோப்பையைச் செய்தித்தாளில் சுருட்டி நீலத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். அக்காவின் உள்ளங்கையில் மூன்று தையல். அது தானாக நடந்த விபத்து. அதில் எனக்குப் பங்கில்லை. கட்டுப்போட்ட கையைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எடுங்க சார், மூஞ்சி வேணாம், கையாவது அழகா விழட்டும்" என்றார். படத்தைப் பெரிதாக்கி நான்கு மாடியிலும் ஒட்டினேன். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

அந்த வாரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கை கழுவும் இடத்தில் பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள். தொட்டி முன்னால் ஒரு நொடி நின்று யோசித்தார்கள். இயக்குநரின் செயலாளர் அக்காவுக்குப் பழம் கொண்டுவந்து கொடுத்தார், ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அடித்தளத்துக்கு வந்தார். அதுவரை முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்காத எண்ணிக்கை பதினொன்றுக்கு வந்தது. மனிதர்கள் நல்லவர்கள்தான், நினைவூட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது.

மூன்று வாரம் நீடித்தது. நான்காவது வாரம் பத்தொன்பது. பிறகு இருபத்தாறு. பிறகு முப்பத்திரண்டு. அக்காவின் கையிலிருந்து கட்டு அவிழ்ந்திருந்தது. போஸ்டர் அங்கேயேதான் இருந்தது, அதன் மேல் யாரோ பிறந்தநாள் அழைப்பிதழை ஒட்டியிருந்தார்கள்.

எட்டாவது வாரம் அக்காவுக்கு மறுபடியும் கையில் வெட்டு. தகர டப்பாவின் மூடி, நான்காவது மாடியின் காகிதப் பையில் இருந்தது. விரல் நுனியில், தையல்கூடப் போடவில்லை. அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் அந்த மூடி என் மேசை இழுப்பறையில் இருந்தது. எண்ணிக்கை பதினான்குக்கு இறங்கி, பன்னிரண்டு நாளில் ஏறிவிட்டது. சின்னக் காயத்துக்கு ஆயுள் குறைவு.

கையுறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் விபத்துக்குப் பிறகு, கண்ணாடி கிழிக்காத தடித்த கையுறைகள் வாங்க நிர்வாகம் அனுமதி கொடுத்தது உண்மை. பன்னிரண்டு ஜோடி வந்ததும் உண்மை. என் அலமாரியில் பிரிக்காத பெட்டியில் நீங்கள் கண்டெடுத்தது அதுதான். அக்கா இரண்டு மூன்று தடவை, "சார், கையுறை என்னாச்சு?" என்று கேட்டார். "வந்துரும்க்கா" என்றேன். நன்றாக யோசித்துத்தான் அப்படிச் செய்தேன். அவர் கையுறை போட்டுவிட்டார் என்று தெரிந்தால் மேலே இருப்பவர்களுக்குப் பொறுப்பே இல்லாமல் போய்விடும். எதைப் போட்டாலும் கீழே ஒருவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்புதான் இத்தனைக்கும் காரணம். தவிர, தடித்த கையுறைக்குள் அந்த விரல்களுக்கு என்ன தெரியப்போகிறது.

வருடக் கடைசிக்குள் ஐந்துக்குக் கீழே கொண்டுவருவதாக இயக்குநரிடம் சொல்லியிருந்தேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அதற்கு ஆறு வாரம் இருந்தது. எண்ணிக்கை முப்பதில் நின்றது. அதிலும் மோசம் மூன்றாவது மாடி.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், ஜாம்காரர் பக்கத்து நீலத் தொட்டியில் வழக்கம்போல ஒரு பாட்டில். எடுத்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெந்நீரில் ஊறவைத்து லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி சமையலறைக்கு வந்தாள்.

"யார் வீட்டுப் பாட்டில் இது? நாம ஜாமே வாங்கறதில்லையே."

"ஆபீஸ்ல கிடந்துது."

"ஊரான் குப்பையைக் கழுவ மட்டும் நேரம் இருக்கு. இங்க ஒரு வாரமா குழாய் சொட்டுது, அது கண்ணுல படலை."

குழாயையும் அன்றே சரிசெய்தேன். லேபிளின் பசை போக இரண்டு தடவை சோப்புப் போட வேண்டியிருந்தது. துடைத்துக் காயவைத்தேன். மறுநாள் காலை அலுவலகத்தில் அதை ஒரு துண்டில் சுற்றி உடைத்தேன். மூன்றாவது மாடிப் பையில், காகிதங்களுக்கு நடுவே, கை போகும் உயரத்தில் வைத்தேன். ஒன்பது வருடமாக அந்தக் கை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஆழமாகப் பட வேண்டும் என்றுதான் நினைத்தேன், இவ்வளவு ஆழம் எதிர்பார்க்கவில்லை.

அக்கா கத்தவில்லை. காவலாளிதான் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது அவர் தரையில் உட்கார்ந்து, இடது மணிக்கட்டை வலக்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுவரை பிளந்திருந்தது. மேசை மேல் கண்ணாடித் துண்டுகள். "சார், துணி ஏதாவது குடுங்க" என்றார். கொடுத்தேன். அதற்கு முன்னால் படம் எடுத்தேன். அடித்தளத்தில் வெளிச்சம் குறைவு, இரண்டாவது தடவையும் எடுக்க வேண்டியிருந்தது. இதைக் காவலாளி உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். அரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது.

மறுநாள் புதுப் போஸ்டர் நான்கு மாடியிலும் ஏறியது. ஒரு பக்கம் கை, ஒரு பக்கம் கண்ணாடித் துண்டுகள். அந்த வெள்ளிக்கிழமை மேசையில் நானே பிரித்து எண்ணினேன், மூன்று. நூற்றுக்கு மூன்று, மேடம்.

யாருடைய பாட்டில் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது மாடி மொத்தமும் ஜாம்காரரைத் திரும்பிப் பார்த்தது. அவரும் மறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை நீலத் தொட்டியில் பாட்டிலைப் போட்டது அவருக்கே ஞாபகம் இருந்தது. அவசரத்தில் வீசியிருப்பேன், உள்ளே விழுந்து உடைந்திருக்கும் என்று எல்லோரிடமும் சொன்னார். வேலையை விட்டு நிறுத்தினார்கள். தினமும் மருத்துவமனைக்குப் போய் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள் நானும் போனேன். அலுவலகத்தில் இருநூறு பேர் கையெழுத்துப் போட்ட ஒரு வாழ்த்து அட்டையைக் கொண்டுபோயிருந்தேன். மறுசுழற்சிக் காகிதத்தில் செய்தது. அக்காவுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டும் என்று அன்று காலைதான் மருத்துவர் சொல்லியிருந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய மகள் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஜாம்காரர் தலையைக் குனிந்தபடி, "என்னை மன்னிச்சிருங்கக்கா, என்னாலதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அக்கா அவரைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க என்னைக்காவது பாட்டிலைக் கழுவிப் போட்டிருக்கீங்களா?"

அவர் நிமிர்ந்தார். "இல்லக்கா. ஒருநாளும் இல்ல."

"அதான் நானும் யோசிக்கறேன். என் கையில பட்டது கழுவின கண்ணாடி. பிசுக்கு இல்ல. லேபிளு ஒட்டின இடம்கூட வழுவழுன்னு இருந்துச்சு. வெட்டுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அட, யாரோ திருந்திட்டாங்கன்னு நெனச்சேன்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. மேசையில் ஒரு பொருளைத் தொட்டு, எந்தப் பையில் போட வேண்டும் என்று முடிவு செய்த பிறகு அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அந்த ஆபீஸ்லயே லேபிளு சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவிப் போடறவரு ஒருத்தர்தான்" என்றார். பிறகு மகளிடம், "இதை மறந்துராத" என்றார்.

நான் அட்டையை மேசை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பேருந்தில் வரும்போது ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அப்படியே, ஜாமும் லேபிளுமாக உடைத்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அது எனக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கழுவாத பாட்டிலை என் கையால் எந்தத் தொட்டியிலும் போட்டதில்லை. அன்றும் கை வரவில்லை.

பதினோராம் நாள் அக்கா இறந்துவிட்டார். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். அது வேறு எதிலிருந்தாவது வந்திருக்க வேண்டும். நான் வெந்நீரில் கழுவியது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மகள் நேராக உங்களிடம் வந்தாள். நீங்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, என் அறைக்கு வருவதற்கு முன்பே மூன்றாவது மாடியில் அந்தப் போஸ்டர் முன்னால் வெகுநேரம் நின்றீர்கள். நான் கதவருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எடுத்த படம் அவ்வளவு தெளிவாக வந்திருந்தது. துண்டுகளில் ஒரு சொட்டு ஜாம் இல்லை, ஒரு கீற்று லேபிள் இல்லை. இரண்டாவது தடவை எடுத்தது அதற்காக அல்ல, ஆனாலும் உங்களுக்கு உதவியிருக்கிறது.

ஆகவே, கேள்விக்கு நேராகப் பதில் எழுதிவிடுகிறேன். தகர மூடியை வைத்தது நான். கையுறைகளைப் பூட்டி வைத்தது நான். பாட்டிலைக் கழுவி, உடைத்து, அக்காவின் கை போகும் இடத்தில் வைத்ததும் நான்தான். யாரும் தூண்டவில்லை, யார் மேலும் பகை இல்லை. ஜாம்காரருக்கு இதில் சம்பந்தமே இல்லை. அவர் தவறான தொட்டியில் போட்டது மட்டும்தான் அவர் குற்றம், அது சின்னக் குற்றம் இல்லை என்றாலும். அவரை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. அக்காவின் மகளிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய அம்மாவின் கை வீணாகப் போகவில்லை என்று மட்டும் நீங்கள் எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஏனென்றால் பலன் கிடைத்திருக்கிறது. என் பதிவேடு உங்கள் மேசையில்தான் இருக்கிறது, கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அக்கா இறந்த பிறகு வந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும், நான்கு மாடிக்கும், நான் பூஜ்ஜியம் எழுதியிருக்கிறேன். இரண்டு வருடத்தில் முதல் முறை. நாளைக்கு மூன்றாவது வெள்ளி. நான் இல்லாததால், உங்கள் ஆட்களில் யாராவது போய் அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டால் நல்லது. எண்ணிப் பார்க்க வேண்டிய சிரமம்கூட இருக்காது. அக்காவின் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அவர் இறந்ததிலிருந்து மூன்று தொட்டியில் இருப்பதையும் ஒரே பையில் கட்டி, பிரிக்காமல் அப்படியே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். அதனால் தவறு என்று எடுத்து வைக்க மேசையில் ஒன்றுமே இல்லை.